இரைச்சல் என் காதில் இல்லை

அன்புள்ள மகனுக்கு,

என் காதுக்கு நீ பிரான்சிலிருந்து ஒயர் அனுப்பியதாக நம் தெருவில் பேசிக்கொள்கிறார்கள். அது தவறு. நீ அனுப்பியது ஸ்பீக்கருக்கு. என் காதுக்கு ஒன்றுமில்லை, எந்த நாளும் இருந்ததில்லை. நேற்று காய்கறிக்காரி என் இரண்டு காதையும் உற்றுப் பார்த்துவிட்டு, "ஒயரு உள்ளார இருக்குதாம்மா? வலிக்கலியா?" என்று கேட்டாள். சிரித்துவிட்டு உள்ளே வந்தேன். ஆனால் போன ஞாயிற்றுக்கிழமை என் மருமகள் கவிதா ஃபோனில், "உங்களுக்குன்னு ரூம் ஒழிச்சு வச்சிட்டோம் அத்தை" என்று சொன்னபோது சிரிப்பு வரவில்லை. ஒயரால் இரைச்சல் நின்ற பிறகும், இரைச்சலைக் காரணம் காட்டி நீ தொடங்கிய ஏற்பாடு நிற்கவில்லை என்று அப்போதுதான் தெரிந்தது. நான் புதுச்சேரி வீட்டைப் பூட்டிவிட்டு லியோனுக்கு வந்து உங்களோடு இருந்துவிட வேண்டும் என்பது உன் எண்ணம். அதைப் பற்றித்தான் எழுதுகிறேன். முதலில் நடந்ததை முறையாகச் சொல்லிவிடுகிறேன். இதுவரை எல்லாவற்றையும் உன் தனம் அத்தை வாய் வழியாகத்தான் நீ கேட்டிருக்கிறாய்.

போன விடுமுறையில் நீ வந்து அந்த டிஸ்க் பிளேயரையும், ஆம்ப்ளிஃபையர் உள்ளேயே இருக்கும் இரண்டு ஸ்பீக்கர்களையும் கூடத்தில் வைத்துவிட்டுப் போனாய். பிளேயரை உப்புக் காற்று படாமல் கண்ணாடி அலமாரிக்குள் வைத்து, பின்னால் துளை போட்டு ஒயரை எடுத்தாய். அவ்வளவு பொறுமையாக நீ ஒரு வேலை செய்து நான் பார்த்ததில்லை. நீ போன பிறகு என் முட்டி மோசமாகி, மாடிப் படுக்கையை விட்டுக் கீழே பின்கட்டு அறைக்கு வந்துவிட்டேன். கூடத்தில் தெருச் சத்தம். ஸ்கூட்டர்களுக்கு நடுவே வயலின் கேட்க எனக்குப் பிடிக்கவில்லை. ஸ்பீக்கர்களைப் பின்கட்டுக்கு மாற்றினேன். பிளேயரை நீ வைத்த இடத்திலிருந்து எடுக்க மனம் வரவில்லை. அதனால் கூடத்திலிருந்து சமையலறை நடை வழியாக, ஃபிரிட்ஜைத் தாண்டி, பின்கட்டு வரைக்கும் நீள ஒயர் தேவைப்பட்டது.

முருகனைக் கூப்பிட்டேன். இங்கே மேட்டுப்பாளையம் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் வேலை பார்த்துக்கொண்டு, லீவு நாளில் வீடுகளுக்கு ஒயரிங் செய்கிறவன். நீ அவனைப் பார்த்திருக்கிறாய். எந்த மாதிரி ஒயர் வாங்குவது என்று கேட்டான். பிளேயரோடு வந்த புத்தகம் முழுக்கப் பிரெஞ்சு. நான் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தேன். நீளமான தூரத்துக்கு "லியேசோன் சிமெத்ரிக்" வேண்டும் என்று போட்டிருந்தது. லியேசோன் என்றால் எனக்குக் கான்வென்ட் பாடம். ஒரு சொல்லின் கடைசியில் ஊமையாகக் கிடக்கும் எழுத்து, அடுத்த சொல் உயிரெழுத்தில் தொடங்கினால் விழித்துக்கொண்டு ஒலிக்குமே, அதற்குப் பெயர் லியேசோன். இங்கே இணைப்பு என்ற பொருளில் வந்திருக்கிறது என்று உடனே பிடித்துக்கொண்டேன். அதில் கொஞ்சம் கர்வமும் வந்தது. சிமெத்ரிக் என்ற சொல்லும் கான்வென்ட்டில்தான் பழக்கம், ஆனால் தையல் வகுப்பில். மேசை விரிப்பை நடுவில் மடித்தால் இந்தப் பக்கத்துப் பூ அந்தப் பக்கத்துப் பூவின் மேல் அப்படியே உட்கார வேண்டும். இல்லாவிட்டால் சிஸ்டர் நூலைப் பிரிக்கச் சொல்வார். ஆகவே முருகனிடம் தீர்மானமாகச் சொன்னேன்: இடது ஸ்பீக்கருக்கும் வலது ஸ்பீக்கருக்கும் ஒயர் ஒரே நீளம் இருக்க வேண்டும்.

அவன் நேரு வீதிக்குப் போய், கடையில் இருந்த சாதாரண ஒயரையே இரண்டு துண்டாக, சம அளவில் வாங்கிவந்தான். ஒரு ஸ்பீக்கர் கதவருகே இருக்கிறது, மற்றது ஜன்னல் பக்கம். கதவருகே இருப்பதற்கு ஒயர் நிறைய மிஞ்சியது. "ஏம்மா, இவ்ளோ மீந்து கெடக்குதே, வெட்டிடட்டா?" என்றான். "வெட்டக் கூடாது. புத்தகத்தில் போட்டிருக்கு" என்றேன். "புத்தகத்துல இருந்தா சரிதாம்மா" என்று சொல்லி, மிச்சத்தை அழகாக வளையமாகச் சுற்றி, டேப் போட்டு, ஃபிரிட்ஜுக்குப் பின்னால், ஸ்டெபிலைசர் பெட்டியின் மேல் வைத்துவிட்டான். ஒயர் கண்ணில் படாமல் மறைந்துவிட்டதே என்று நானும் பாராட்டினேன்.

அன்று மாலை முதல் இரைச்சல். பாட்டுக்கு அடியில், தரைக்குள் யாரோ உம் என்று முனகிக்கொண்டிருப்பது போல. இசை பெரிதாக ஓடும்போது தெரியாது. ஒரு பாட்டு முடிந்து அடுத்தது தொடங்குவதற்குள் இருக்கும் அந்த இடைவெளியில் தெரியும். முருகனை மறுபடி வரவழைத்தேன். காதைச் சாய்த்துக் கேட்டுவிட்டு, "இது ஃபிரிட்ஜ் ஓடற சத்தம்மா" என்றான். அத்தை வந்து ஸ்பீக்கருக்கு முன்னால் இடுப்பில் கை வைத்து நின்றாள். "நானும் எவ்ளோ நேரமா நிக்கறேன் அண்ணி, ஒரு சத்தமும் இல்ல. உங்க காதுதான் இரையுது" என்றாள். அன்றே உனக்கு ஃபோன் போட்டுவிட்டாள். "தம்பி, மில்லு வேலையில எங்க அண்ணனுக்குக் காது போன மாதிரியே உங்கம்மாவுக்கும் ஆரம்பிச்சிடுச்சுப்பா. தனியா வுட்டு வைக்காத" என்று அவள் அழுததை நான் அடுத்த அறையிலிருந்து கேட்டுக்கொண்டிருந்தேன். அந்தக் காதால்தான் கேட்டேன்.

ஒரு விஷயம் உனக்கு மட்டும் சொல்கிறேன், அவளிடம் சொல்லாதே. உன் அப்பா வேலை செய்த அதே மில்லில் அவளும் நூற்புப் பிரிவில் இருந்தவள். கேட்காதது அவளுக்குத்தான். பக்கத்திலிருக்கும் அவள் வீட்டு டிவியில் ஓடும் சீரியலைக் கேட்க நான் டிவி போட வேண்டியதே இல்லை, திண்டிவனத்திலிருந்து நம் வீட்டுக்கு வரும் விருந்தாளிகூடக் கதையைத் தெரிந்துகொண்டு போகலாம். ஆனால் அவள் மேல் எனக்குக் கோபம் இல்லை. அவளால் இந்த வீட்டில் நான் தனியாக இருப்பதே இல்லை. காலையில் தேங்காய்த்திட்டு மீன்பிடித் துறைக்குப் போய் மீன் வாங்கினால் எனக்கும் சேர்த்து வாங்கி, இங்கேயே ஆய்ந்து, குழம்பு கொதிக்கிற வரைக்கும் உட்கார்ந்து, நான் பிரஷர் மாத்திரையை விழுங்குகிறேனா என்று பார்த்துவிட்டுத்தான் போவாள். அவள் உனக்கு ஃபோன் செய்தது பயத்தில். அண்ணன் போன மாதிரி அண்ணியும் போய்விடக் கூடாது என்ற பயம். இப்படி என்னை நினைத்துப் பயப்பட ஒரு நாத்தனார் எத்தனை பேருக்குக் கிடைப்பாள்?

ஆனாலும் அந்த நாட்கள் எனக்குக் கஷ்டமாகவே இருந்தன. டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் காதில் ஹெட்செட்டோடு வேலை செய்து ஓய்வு பெற்றவள் நான். "ஹலோ" என்ற ஒரு சொல்லிலேயே எந்த வீட்டிலிருந்து யார் பேசுகிறார்கள் என்று சொல்லிவிடுவேன். உன் அப்பாவுக்குக் காது மங்கிய பிறகு டாக்டரிடமும் பேங்கிலும் உறவுக்காரர்கள் வீட்டிலும் அவருக்குக் காதாக இருந்ததும் நான்தான். சமையலில் உப்பு கூடிவிட்டது என்று யாராவது சொன்னால் ஒத்துக்கொள்வேன், காது போய்விட்டது என்றால் ஒத்துக்கொள்ள முடியவில்லை. அதே சமயம், எல்லோரும் ஒன்றையே சொன்னால் நமக்கே சந்தேகம் வந்துவிடுகிறது. டிஸ்க் போடுவதை நிறுத்திவிட்டேன். உன்னிடம் அதைச் சொல்லவில்லை. இப்போது சொல்கிறேன்.

பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை நீ ஃபோன் செய்தாய். கார்ட்லெஸ்ஸை ஸ்பீக்கர் பக்கத்தில் பிடிக்கச் சொன்னாய். பிடித்தேன். "ஒண்ணும் கேக்கலம்மா" என்றாய். இவனும் அதையே சொல்லப்போகிறான் என்று நினைத்தேன். நீ அடுத்துச் சொன்னதை நான் சாகிற வரைக்கும் மறக்கப் போவதில்லை. "ஃபோன்ல அவ்ளோ கீழ் சத்தமெல்லாம் வராதும்மா. உனக்குக் கேக்குதுன்னா கேக்குது. எப்ப கேக்குது, அத சொல்லு." அதுவரை எல்லோரும் எத்தனை நாளாகக் காது இப்படி இருக்கிறது என்றுதான் கேட்டார்கள். எப்போது கேட்கிறது என்று கேட்டவன் நீ ஒருவன்தான். ஃபிரிட்ஜ் ஓடும்போது மட்டுமா என்றாய். நின்ற பிறகும் கேட்கிறது என்றேன். "அப்ப அது ஃபிரிட்ஜ் இல்ல" என்றாய். பிறகு, "ம்மா, அப்பா ரேடியோ மேல கை வைப்பாரே, அந்த மாதிரி வச்சுப் பாரு" என்றாய்.

உனக்கு அது நினைவிருக்கும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. காது போன பிறகு அவர் மர ரேடியோவின் மேல் உள்ளங்கையை வைத்து, "இப்ப பாட்டு... இப்ப பேச்சு... பேசறது பொம்பள" என்று சொல்வார். நீ டவுசர் போட்ட வயதில் வேண்டுமென்றே ஸ்டேஷனை மாற்றிவிட்டு அவரைச் சோதிப்பாய். தவறாகச் சொன்னதே இல்லை. அன்று நான் டிஸ்க் எதுவும் போடாமல், ஸ்பீக்கரை மட்டும் ஓடவிட்டு, அதன் கூம்பின் மேல் விரல் நுனியை வைத்தேன். நடுங்கிக்கொண்டிருந்தது. தொண்டைக்குள் முனகும் பூனையைத் தொட்ட மாதிரி. கரண்ட் ஒயரை விட்டுவிட்டு, ஸ்பீக்கரின் பின்னால் பிளேயரிலிருந்து வரும் ஒயரை மட்டும் பிடுங்கச் சொன்னாய். பிடுங்கினேன். நடுக்கம் நின்றுவிட்டது. காதுக்குள் இருக்கும் இரைச்சல் ஒயரைப் பிடுங்கினால் நிற்குமா? நான் சத்தம் போட்டே சிரித்தேன். அத்தை வந்து எட்டிப் பார்த்தபோது நான் ஸ்பீக்கரின் மேல் கை வைத்துச் சிரித்துக்கொண்டிருந்தேன். ஸ்பீக்கரோடு நான் பேசுகிறேன் என்று அவள் உன்னிடம் சொன்னது அன்றைய காட்சியைத்தான். நான் பேசியது உன்னோடு, கார்ட்லெஸ் என் இன்னொரு கையில் இருந்தது.

பிறகு புத்தகத்தில் என்ன போட்டிருக்கிறது என்று கேட்டாய். வாசித்தேன். ஸ்டெபிலைசர் மேல் ஒயரைச் சுற்றி வைத்த காரணத்தையும் சொன்னேன். நீ சிரித்தாயே, என்ன சிரிப்பு! பின்னால் கவிதா "என்ன, என்ன?" என்று கேட்டது எனக்குக் கேட்டது. என் பிரெஞ்சைப் பார்த்து ஒருவர் சிரித்தது பள்ளிக்கூடத்துக்குப் பிறகு அதுதான் முதல் தடவை. இருக்கட்டும், அது சிரிக்க வேண்டிய விஷயம்தான். சிமெத்ரிக் என்பது இரண்டு ஸ்பீக்கருக்கும் நடுவே இல்லை, ஒரே ஒயருக்கு உள்ளே என்று நீ சொல்லித்தான் தெரிந்தது. முருகன் மொழியில் பேலன்ஸ்டு கேபிள். மின்பெட்டியின் மேல் வளையமாகச் சுற்றி வைத்த சாதாரண ஒயர், அந்தப் பெட்டியின் முனகலை எல்லாம் உறிஞ்சிக்கொண்டுவந்து என் அறையில் கொட்டியிருக்கிறது. அன்றே வளையத்தை அங்கிருந்து எடுத்துத் தள்ளிப் போட்டேன். பாதி குறைந்தது. மீதி, கவிதாவின் தம்பி ஊருக்கு வரும்போது நீ கொடுத்தனுப்பிய மூன்று முள் கேபிளைப் போட்டதும் போனது.

நீ விளக்கியதை நான் சரியாகப் புரிந்துகொண்டேனா என்று பார். சாதாரண ஒயரில் உள்ளே ஒரே கம்பிதான் இசையைக் கொண்டுபோகிறது. அதைச் சுற்றியிருக்கும் வலை திரும்பி வரும் வழி. போகிற வழியில் ஒட்டிக்கொண்ட இரைச்சல் இசையோடு கலந்துவிடும். அந்தப் பக்கம் போய்ச் சேர்ந்த பிறகு எது இசை, எது இரைச்சல் என்று பிரிக்க முடியாது. பேலன்ஸ்டு கேபிளில் வலைக்கு உள்ளே இரண்டு கம்பி. ஒன்று இசையை உள்ளபடி கொண்டுபோகிறது, மற்றது அதையே தலைகீழாக. வழியில் படும் இரைச்சல் இரண்டின் மேலும் ஒரே மாதிரி படும். ஸ்பீக்கர் அந்த இரண்டு கம்பிக்கும் உள்ள வித்தியாசத்தை மட்டும் எடுத்துக்கொள்கிறது. இரண்டிலும் ஒரே மாதிரி இருப்பது கழிந்துபோகிறது. அதற்கு இரண்டு முனையிலும் மூன்று முள் சாக்கெட் இருக்க வேண்டும், ஒரு முனையில் மட்டும் இருந்து மற்றதற்கு அடாப்டர் போட்டால் பயனில்லை.

இதை நீ சொல்லும்போதே என் கை தானாக மேசை மேல் ஒரு பிளக்கைத் தேடியது. எக்ஸ்சேஞ்சில் நாங்கள் நாளெல்லாம் செருகி எடுத்த பிளக்குக்கும் நுனி, வளையம், உறை என்று மூன்று பாகம் இருந்தது. ஒவ்வொரு வீட்டுக்கும் முறுக்கிய இரண்டு கம்பிதான் போகும். கடலூருக்குப் போகும் லைன் தவளக்குப்பம் வழியாக மின்கம்பங்களை ஒட்டியே போகும், அப்படியும் குரல் சுத்தமாகப் போய்ச் சேரும். ஏன் என்று நான் ஒரு நாளும் கேட்டதில்லை. வேலை செய்த காலம் முழுக்கப் பேலன்ஸ்டு லைனைக் கையில் பிடித்துக்கொண்டிருந்தவள், கடைசியில் தையல் வகுப்பை நம்பி ஒயர் வாங்கியிருக்கிறேன்!

முருகன் புதுக் கேபிளை மாட்டிய சாயங்காலம் அத்தையும் இருந்தாள். டிஸ்க் சுழலத் தொடங்கியது. முதலில் ஒன்றுமே இல்லை. அந்த ஒன்றுமில்லாததைத்தான் நான் அத்தனை நாளாகத் தேடிக்கொண்டிருந்தேன். பிறகு வயலின்காரர் வில்லை வைப்பதற்கு முன்னால் மெல்ல மூச்சு இழுப்பது கேட்டது. முருகன் என்னைத் திரும்பிப் பார்த்தான். "ஆமாம்மா, முன்ன ஒண்ணு இருந்துது. இப்ப இல்ல" என்றான். அத்தை, "நான்தான் அப்பவே சொன்னேனே, ஒரு சத்தமும் இல்லன்னு" என்றாள். மூன்று பேரும் காபி குடித்தோம். நடையிலிருந்து ஃபிரிட்ஜின் நிஜமான சத்தம் தனியாகக் கேட்டது. அது எனக்குத் தொந்தரவாக இல்லை.

இந்தச் சந்தோஷத்தில் நீ உன் வீட்டு ஒயர்களையும் எல்லாம் பேலன்ஸ்டாக மாற்றப்போவதாகக் கவிதா சொன்னாள். மாற்றாதே. உன் பிளேயர் ஆம்ப்ளிஃபையரின் தலைமேலேயே உட்கார்ந்திருக்கிறது என்று நீயே சொன்னாய். ஒரு கை நீளம்கூட இல்லாத இடத்துக்குச் சாதாரண ஒயர் போதும். வழியே இல்லாதபோது வழியில் என்ன ஒட்டிக்கொள்ளும்? ஒயரைத் தேர்ந்தெடுப்பது தூரத்தையும், வழியில் என்ன இருக்கிறது என்பதையும் பார்த்துத்தான். விலையைப் பார்த்து இல்லை. வீட்டுக்குள்ளும் அப்படித்தான் என்று எனக்குத் தோன்றுகிறது. கவிதா உன் எதிரில் உட்கார்ந்து ஒன்றைச் சொன்னால் அதைச் சரிபார்க்க இன்னொருவரைக் கேட்காதே. அவள் சொன்னால் அது அப்படித்தான் என்று எடுத்துக்கொள். உன் அப்பா என்னிடம் அப்படித்தான் இருந்தார். டாக்டர் என்ன சொன்னார் என்று நான் அவர் காதருகே சொன்னதை ஒரு தடவைகூட இன்னொருவரிடம் கேட்டுப் பார்த்ததில்லை. அந்த நம்பிக்கைக்கு நான் அவருக்கு நன்றி சொன்னதே இல்லை. உனக்காவது சொல்லிவிடுகிறேன். எனக்குக் கேட்கிறது என்று நான் சொன்னதை, உனக்குக் கேட்காதபோதும் நீ நம்பினாய். நன்றி, கண்ணா.

ஆனால் லியோனுக்கும் புதுச்சேரிக்கும் நடுவே தூரம் அதிகம். என்னைப் பற்றிய செய்தி உனக்கு ஒரே கம்பியில் வருகிறது. அத்தை சொல்வதில் அவள் பயம் கலந்திருக்கிறது, எது நான், எது பயம் என்று நீ அங்கிருந்து பிரிக்க முடியாது. அவள் சொல்வதைக் கேள், அதையே என்னிடமும் கேள். என் பேச்சிலும் கலப்பு இருக்கும், வீம்பு. இரண்டையும் வைத்துப் பார்த்தால் உனக்கு உண்மை கிடைக்கும். உண்மை இதுதான்: முட்டி வலிக்கிறது, மாடி ஏற முடியவில்லை. பிரஷர் இருக்கிறது, மாத்திரையை ஒழுங்காகப் போடுகிறேன். காது நன்றாக இருக்கிறது. பகலில் அத்தை வருகிறாள், கூப்பிட்டால் முருகன் வருகிறான். சாயங்காலத்தில் நீ கொடுத்த இசை இருக்கிறது. இந்த வீட்டில் இன்னும் என்னால் இருக்க முடியும், இருக்க விரும்புகிறேன். முடியாமல் போகும் நாளில் நானே சொல்வேன், நான் சொன்னால் நீ நம்புவாய் என்று இப்போது எனக்குத் தெரியும். கவிதா எனக்காக ஒழித்த அறையை நினைத்தால் கண் நிறைகிறது. கோடையில் வந்து அதில் தங்குகிறேன், திரும்பி வரும் டிக்கெட்டோடு.

வீட்டைப் பூட்டும் ஏற்பாட்டை நீ நிறுத்திவிட்டாயா இல்லையா என்று எனக்குத் தெரிய வேண்டும். இதை ஃபோனில் சொல்லாதே. ஃபோனில் நீ "சரிம்மா" என்பாய், உன் "சரிம்மா"வுக்கு எத்தனை அர்த்தம் உண்டு என்று எக்ஸ்சேஞ்சில் இருந்தவளுக்குத் தெரியும். தாளில் உன் கையால் எழுதி அனுப்பு.

உன் அம்மா